மூக்கு சொல்வது ஒன்று, கஜானா சொல்வது ஒன்று

இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸுக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று சூனியக்காரிகள், இன்னொன்று புகையிலை. சூனியக்காரிகளைப் பற்றி 1597இலேயே, ஸ்காட்லாந்துக்கு மட்டும் ராஜாவாக இருந்தபோதே, ஒரு புத்தகம் எழுதித் தீர்த்துவிட்டார். 1603இல் எலிசபெத் ராணி வாரிசில்லாமல் போய்ச் சேர, லண்டன் சிம்மாசனமும் தானாக வந்து மடியில் விழுந்தது. வந்து பார்த்தால், ஊரில் மூலைக்கு மூலை ஆட்கள் மண்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அரண்மனைக்குள்ளும் அதே வாடை. ராஜாவுக்கு மூக்கு புடைத்தது. அடுத்த ஆண்டே பேனாவை எடுத்துவிட்டார்.

புகையிலைக்குப் பதிலடி என்கிற மாதிரியான தலைப்பில் 1604இல் வந்த அந்தச் சிறுநூலில் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியது யார் என்று லண்டனில் தெரியாதவரும் இல்லை. 1616இல் தன் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டபோது ராஜாவே அதையும் கூச்சமில்லாமல் சேர்த்துக்கொண்டார். இன்றைக்குச் சிகரெட் பாக்கெட்டில் அச்சடிக்கிற சமாசாரத்தில் பாதி அதிலேயே இருக்கிறது. ஊதியே செத்துப்போனவர்களை அறுத்துப் பார்த்தால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோடு கரி அப்பியிருந்ததாம். கனவான்கள் சிலர் வருஷத்துக்கு முந்நூறு, நானூறு பவுண்டு வரை புகையாக விடுகிறார்களாம். புருஷன் ஊதுகிற வீட்டில், ஒன்று பெண்டாட்டியும் ஊதப் பழக வேண்டும், இல்லையென்றால் ஆயுசுக்கும் அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்த வேண்டும் என்று வேறு அங்கலாய்க்கிறார். பக்கத்தில் இருப்பவரின் நுரையீரலைப் பற்றி அரசாங்கங்கள் கவலைப்பட ஆரம்பிக்க அதற்குப் பிறகு முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தக் காலத்து வைத்தியர்களை அவர் வாரியிருக்கும் இடம் இன்னும் பிரமாதம். புகையிலை அப்போது சர்வரோக நிவாரணி. தலைவலியா, ஊது. பல்வலியா, ஊது. கால் கட்டைவிரலில் வாதமா, அதற்கும் ஊது. ராஜா கேட்டார்: புகை லேசானது, மண்டைக்கு ஏறிவிடுகிறது, அதே நேரத்தில் அதன் மருந்துக் குணம் மட்டும் எப்படிக் கனத்துப்போய்க் கால் சுண்டுவிரலுக்கு இறங்குகிறது? தூங்கப் போகிறவனைத் தூங்கவைக்கும் என்கிறீர்கள், தூங்கி விழுகிறவனை எழுப்பும் என்றும் சொல்கிறீர்கள். எது நிஜம்? நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஆள் இல்லை. மறுவருஷம் ராஜா ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனபோது, ஆரோக்கியமானவர்களுக்குப் புகை நல்லதா என்று பண்டிதர்கள் அவர் முன்னால் பட்டிமன்றமே நடத்தினார்கள். நடுவர் ராஜாவாகவே இருக்கும்போது தீர்ப்பு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதில்லை.

எல்லா வாதமும் இந்தத் தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்குவதா என்று அவர் பொங்குகிற பக்கங்களில் மருத்துவம் எதுவும் கிடையாது, சுத்தமான இனத்திமிர் மட்டும்தான். அவருடைய சுத்தத்தைப் பற்றியும் ஒரு தகவல் உண்டு. அரண்மனையில் உத்தியோகம் பார்த்த வெல்டன் என்பவர், ராஜா கையே கழுவமாட்டார், ஈரத் துணியில் விரல் நுனியை மட்டும் லேசாகத் தேய்த்துக்கொள்வார் என்று எழுதிவைத்துவிட்டார். வெல்டனுக்கு வேலை போன ஆத்திரம் இருந்ததால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம்.

இவ்வளவு வெறுப்பவர் என்ன செய்திருக்க வேண்டும்? தடை. ஜேம்ஸ் தடை செய்யவில்லை, வரி போட்டார். அதுவரை ஒரு பவுண்டு எடைப் புகையிலைக்குச் சுங்கம் 2 பென்ஸ். 1604 அக்டோபரில் அது 6 ஷில்லிங் 10 பென்ஸ் ஆனது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்கிற அந்தக் காலக் கணக்கில் 82 பென்ஸ், அதாவது ஒரே இரவில் 41 மடங்கு. காரணம் என்னவோ உன்னதமானதுதான்: குடிமக்களின் உடம்பு கெடுகிறது, ஏழைகள் கூலிக்காசை ஊதித் தள்ளுகிறார்கள். குடிமக்கள் புகைப்பதை விடவில்லை, சுங்கச்சாவடிப் பக்கம் வருவதைத்தான் விட்டார்கள். கடற்கரையெல்லாம் கடத்தல் சரக்கு இறங்கியது. உடம்பும் தேறவில்லை, வரவும் ஏறவில்லை. சில வருஷங்களில் சத்தமில்லாமல் வரியைக் குறைத்துவிட்டார்கள்.

இதற்கிடையில், 1607இல், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர்கள் ஒரு குடியேற்றம் போட்டார்கள். ராஜாவின் பெயரையே வைத்து ஜேம்ஸ்டவுன். தங்கம் கிடைக்கும் என்று போனவர்களுக்குக் கிடைத்தது கொசுவும் காய்ச்சலும் பட்டினியும்தான். குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனி திவாலாகிற நிலை. அப்போது ஜான் ரால்ஃப் என்கிற ஆசாமி, ஸ்பானியர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகப் புகையிலையின் விதையை எப்படியோ தேற்றிக்கொண்டு வந்து, 1612 வாக்கில் விதைத்தார். முளைத்தது. அதோடு ஜேம்ஸ்டவுனுக்குப் பைத்தியம் பிடித்தது. 1617இல் வந்து இறங்கிய புது அதிகாரி பார்த்தபோது சந்தைத்திடலிலும் தெருவிலும்கூடப் புகையிலை நட்டிருந்தார்கள். சோளம் போட இடமில்லை. காசுக்குப் பதில் புகையிலை, பாதிரியாருக்குச் சம்பளம் புகையிலை. 1621இல் குடியேறிகளுக்குக் கல்யாணம் செய்துவைக்க லண்டனிலிருந்து கப்பலில் பெண்களை அனுப்பினார்கள். வழிச்செலவுக்கு ஈடாக மாப்பிள்ளை கம்பெனிக்குக் கட்ட வேண்டியது 150 பவுண்டு எடை நல்ல இலை. வரதட்சணைக்கு இந்த ரூபம்கூட உண்டு என்பது நமக்குப் புதுச் செய்தி.

உலகத்திலேயே புகையிலையை அதிகமாக வெறுத்த ராஜாவின் பெயரில் இருந்த ஊர், புகையிலையால் மட்டுமே உயிர் பிழைத்தது. ராஜா என்ன செய்தார்? 1619இல் இங்கிலாந்து மண்ணில் யாரும் புகையிலை பயிரிடக் கூடாது என்று ஆணை வந்தது. குடிமக்களின் நுரையீரலுக்காக என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளூர்த் தோட்டத்தில் விளைவதைச் சுங்கச்சாவடியில் பிடிக்க முடியாது, கப்பலில் வருவதைப் பிடிக்கலாம். பதிலுக்கு வர்ஜீனியா கம்பெனி கூடுதல் சுங்கம் கட்டச் சம்மதித்தது. 1624இல் கதை முழுமை பெற்றது: புகையிலை வியாபாரத்தையே அரச ஏகபோகமாக்கிக்கொண்டார். அடுத்த வருஷம் காலமானார். தன் சிறுநூலை அவர் கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை. மது பாட்டிலின் முகத்தில் நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று ஒட்டிவிட்டு, அதே பாட்டிலை அரசாங்கக் கடையில் கம்பிக்குள்ளிருந்து நீட்டிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை.

ஜேம்ஸ் எழுதிக்கொண்டிருந்த அதே சமயத்தில் நம் பக்கம் அக்பருக்கும் புகையிலை அறிமுகமானது. பீஜப்பூருக்குத் தூது போன அசத் பேக், திரும்பும்போது ஒரு புகைக்குழாயை வாங்கி வந்தார். மூன்று முழ நீளம், இரண்டு முனையிலும் ரத்தினமும் மீனாகாரியும், வாயில் வைக்கிற இடத்தில் ஏமன் நாட்டுச் சிவப்புக்கல். பாதுஷா பார்த்தார், பிடித்துப்போயிற்று, கொண்டுவந்தவன் மனம் நோகக் கூடாதே என்று இரண்டு இழுப்பும் இழுத்தார். அரண்மனை ஹக்கீம் பதறிப்போய்த் தடுத்தார். நம் நூல்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, பரங்கிகள் செய்கிறார்கள் என்று நாமும் செய்வதா என்பது அவர் கட்சி. எல்லா வழக்கமும் ஒரு நாள் புதுசாக இருந்ததுதானே, பெரியவர்கள் ஏற்றுக்கொண்டதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாமா என்பது அசத் பேக் கட்சி. அக்பர் இரண்டையும் கேட்டு ரசித்தார். புத்தகத்தில் இல்லை என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிட முடியாது என்று அசத் பேக் பக்கம் சாய்ந்தார். ஆனால் குழாயை மறுபடி தொடவில்லை. நானறிந்த புகையிலை விவாதங்களிலேயே இதுதான் நாகரிகமானது: யாருக்கும் மூக்கு போகவில்லை, யார் மேலும் வரி விழவில்லை. தர்பாரின் பிரபுக்கள் மட்டும் ஆளுக்கொரு குழாய் வாங்கிக்கொண்டார்கள்.

மகன் ஜஹாங்கீர் வேறு ரகம். 1617இல் புகையிலை உடம்பையும் மனசையும் கெடுக்கிறது என்று சொல்லித் தடை விதித்தார். விதித்தவரின் யோக்கியதையை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: இளமையில் தினமும் இருபது கிண்ணம், இரட்டை வடிப்புச் சாராயம், பகலில் பதினான்கு, ராத்திரிக்கு ஆறு. கை நடுங்கி, கிண்ணத்தை வேறொருவர் வாயில் வைத்துவிட வேண்டிய நிலை. அபினி தனி. பாரசீகத்து ஷா அப்பாஸும் தன் நாட்டில் புகையிலைக்குத் தடை போட்டிருந்தார். சங்கடம் என்னவென்றால், ஜஹாங்கீர் அங்கே அனுப்பிவைத்த தூதர் கான் ஆலம் ஒரு நிமிஷம் புகையில்லாமல் இருக்கமாட்டார். தடை போட்ட ஒரு ராஜாவின் பிரதிநிதி, தடை போட்ட இன்னொரு ராஜாவின் தர்பாரில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். ஷா அப்பாஸ் அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டார். சட்டம் பொதுஜனத்துக்குத்தான், இந்த மரபும் அப்போதே இருந்திருக்கிறது.

மற்ற ராஜாக்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லோர் கதையும் ஒரே தடத்தில்தான் போகிறது. துருக்கியின் நான்காம் முராத், 1633இல் இஸ்தான்புல் தீப்பற்றி எரிந்ததைச் சாக்காக வைத்துப் புகையிலைக்கு மரண தண்டனை அறிவித்தார். காப்பிக்கடைகளையும் இடித்தார். அங்கே உட்கார்ந்து ஜனங்கள் ஊதியதைவிட அவரைப் பற்றிப் பேசியதுதான் உறுத்தியது. மாறுவேஷத்தில் அலைந்து புகைப்பவர்களைப் பிடிப்பாராம். 1640இல் செத்தபோது வயது 27, குடித்துக் குடித்தே போனார் என்பது ஊர்ப்பேச்சு. அடுத்த பத்து வருஷத்துக்குள் பஹாயி எஃபெந்தி என்கிற தலைமை மார்க்க அதிகாரி புகையிலை கூடும் என்று ஃபத்வா கொடுத்துவிட்டார். அவரே ஒரு காலத்தில் புகைத்ததற்காக நீதிபதிப் பதவியை இழந்தவர்.

ரஷ்யாவில் ஜார் மிக்கேல் 1634இல் தடை போட, அவர் மகன் காலத்துச் சட்டம் திரும்பத் திரும்பச் சிக்குகிறவனின் மூக்கைக் கிழிக்கச் சொன்னது. நம் ஊரில் பேச்சுக்குச் சொல்கிற மூக்கறுப்பு அங்கே நிஜமாகவே நடந்தது. மிக்கேலின் பேரன் பீட்டர் 1698இல் லண்டனுக்குப் போனார், கையில் காசில்லை. கார்மார்த்தன் பிரபுவிடம் ரஷ்யாவில் புகையிலை விற்கும் ஏகபோகத்தை எழுதிக்கொடுத்து முன்பணம் வாங்கிக்கொண்டார். அதோடு ரஷ்ய மூக்குகளுக்கு விடுதலை. கத்தோலிக்கத் தலைமைப் பீடமும் சளைத்ததல்ல. 1642இல் போப் எட்டாம் அர்பன், செவில் நகரத் தேவாலயங்களில் பொடி போடுகிறவர்களைச் சபையை விட்டே தள்ளிவைப்பேன் என்றார். பூசை நடுவில் பாதிரியார் தும்மினால் என்ன ஆகும்! 1725இல் பதின்மூன்றாம் பெனடிக்ட் அந்த மாதிரித் தடைகளை நீக்கினார். அவருக்குப் பொடிப் பழக்கம் உண்டு. 1863இல் ஒன்பதாம் பயஸ் ரோமாபுரியில் சொந்தமாகப் புகையிலை ஆலையே கட்டிவிட்டார். முகப்பில் தன் பெயரை லத்தீனில் கொட்டை எழுத்தில் பொறித்த அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

என் உடம்பு, என் புகை, உனக்கென்ன என்கிற குரலும் இந்த வழியில்தான் வந்து சேர்ந்தது. 1848இல் பெர்லின் மக்கள் ராஜாவுக்கு எதிராகத் தெருவில் தடுப்பு போட்டுச் சண்டைக்கு நின்றார்கள். அரசியல் சாசனம் வேண்டும், பத்திரிகைச் சுதந்திரம் வேண்டும், தெருவில் சுருட்டு பிடிக்கும் உரிமை வேண்டும். கடைசியாகச் சொன்னது வேடிக்கை அல்ல. தீவிபத்து பயத்தில் பிரஷ்ய அரசு தெருவில் புகைப்பதைத் தடுத்திருந்தது, போலீஸ் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கும். அரசர் எல்லாவற்றுக்கும் இறங்கி வந்துவிட்டார் என்று லிக்னோவ்ஸ்கி என்கிற இளவரசர் கூட்டத்திடம் அறிவித்தார். புகைக்கலாமா என்று கேட்டார்கள். தாராளமாக. டியர்கார்ட்டன் பூங்காவிலுமா? அங்கேயும்தான். கூட்டம் திருப்தியாகக் கலைந்தது என்பார்கள். மற்ற உரிமைகளில் பலவற்றைப் பிறகு ராஜா கழித்துக்கட்டினார். சுருட்டு உரிமை மட்டும் கெட்டியாக நின்றது. கஜானாவுக்கு அதில் நஷ்டம் இல்லையே.

மறுபடி இங்கிலாந்து. 1947இல் நிதியமைச்சர் ஹியூ டால்ட்டனுக்கு டாலர் முட்டுப்பாடு. அமெரிக்காவிடம் கடன் வாங்கிய டாலர், அமெரிக்கப் புகையிலை வாங்கியே கரைகிறது. வரியை ஏற்றினார், 20 சிகரெட் 2 ஷில்லிங் 4 பென்ஸிலிருந்து 3 ஷில்லிங் 4 பென்ஸுக்குத் தாவியது. வயசானவர்கள் பாவம் என்று எதிர்ப்பு கிளம்பியது. அரசாங்கம் இரங்கி, ஓய்வூதியம் வாங்கும் கிழவர் கிழவிகளுக்குச் சலுகை விலையில் புகையிலை வாங்க டோக்கன் கொடுத்தது. பெறுவதற்கு ஒரே தகுதி, நான் வழக்கமாகப் புகைப்பவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1958 வரை இது நடந்தது. எத்தனை பாட்டிகள் அன்று திடீர்ப் புகைப்பழக்கம் பெற்றார்கள் என்பது கற்பனைக்கு.

டோக்கன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1950இல், ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளைக் கேட்டுக் கணக்கெடுத்த ஆய்வு வெளிவந்தது. ஆரம்பத்தில் டாலின் சந்தேகம் சாலைக்குப் போடுகிற தார் மேலும் மோட்டார் புகை மேலும்தான். கணக்கு சேரச் சேர விரல் சிகரெட்டை நோக்கித் திரும்பியது. ஆய்வு முடிவதற்குள் அவரே புகைப்பதை விட்டுவிட்டார். உலகத்தில் ஓர் ஆய்வறிக்கையை முதலில் நம்பியவர் அதன் ஆசிரியர் என்பது அபூர்வம். அரசாங்கம் அவ்வளவு அவசரப்படவில்லை. 1954 பிப்ரவரி 12இல் சுகாதார அமைச்சர் இயன் மெக்லவுட் நிருபர்களைக் கூட்டி, சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருப்பதாக ஏற்கலாம் என்று அறிவித்தார். அறிவித்த நேரம் முழுக்க ஒன்றை அணைத்து ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டே இருந்தார். கூடவே ஒரு நற்செய்தி: மேல் ஆராய்ச்சிக்குப் புகையிலைக் கம்பெனிகள் 2,50,000 பவுண்டு நன்கொடை தருகின்றன. மக்கள் நலத் திட்டங்களெல்லாம் புகையிலை வரியில்தான் நிற்கின்றன என்று அவர் சக அமைச்சருக்கு எழுதியதும் உண்டு. இலவச மருத்துவம் நடக்கச் சிகரெட் வரி வேண்டும், சிகரெட் விற்றால் மருத்துவமனை நிறையும். ஜேம்ஸ் ராஜா இருந்திருந்தால் இந்த ஏற்பாட்டை எழுந்து நின்று பாராட்டியிருப்பார்.

தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் 1965இல் நின்றது. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வர, 1979இல் புகைப்பவர்களின் சுதந்திரத்துக்காக ஃபாரஸ்ட் என்று ஓர் அமைப்பு கிளம்பியது. தொடங்கியவர் பிரிட்டன் வான்போரில் விமானம் ஓட்டிய ஏர் சீஃப் மார்ஷல் கிறிஸ்டோஃபர் ஃபாக்ஸ்லி-நாரிஸ். ஹிட்லரிடமிருந்து காப்பாற்றியதைச் சுகாதாரத் துறையிடம் பறிகொடுப்பதா என்கிற தோரணை. அவர் மனதார நம்பித்தான் பேசினார். 86 வயது வரை வாழ்ந்து, எதிர்க்கட்சியின் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டார். சுதந்திரத்துக்கான செலவைப் பெரும்பாலும் ஏற்றவர்கள் சிகரெட் கம்பெனிகள். தனிமனித உரிமை என்பது நிஜமான கேள்விதான், அதை நக்கலடித்து ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நிக்கோட்டின் பிடித்தவனின் விருப்பத்தைப் பற்றி, நிக்கோட்டின் விற்கிறவன் இவ்வளவு உருகுவதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்கிறது. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஏழு கம்பெனித் தலைவர்கள் வரிசையாகக் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, நிக்கோட்டின் அடிமைப்படுத்தாது என்று தாங்கள் நம்புவதாக ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். விட முடியாத ஒன்றைத்தானே விரும்பித் தேர்ந்தெடுத்தது என்று விற்க முடியும்?

இந்த நானூறு வருஷத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைக் கடைசியில் ஒரு கம்பெனி அட்டை போட்டு, பட்டியல் தயாரித்துச் சொல்லியேவிட்டது. செக் குடியரசில் புகைப்பவர்களின் வைத்தியச் செலவு அரசுக்குப் பாரம் என்று புகார் எழுந்தபோது, ஃபிலிப் மாரிஸ் கம்பெனி ஆர்தர் டி. லிட்டில் என்கிற ஆலோசனை நிறுவனத்தை வைத்து 1999ஆம் ஆண்டுக்கு வரவு செலவு போட்டது. செலவுப் பக்கம்: நோயாளிகளின் வைத்தியம், விடுப்பு நாட்கள், சிகரெட்டால் பிடித்த தீ, சீக்கிரம் செத்ததால் கிடைக்காமல் போன வருமான வரி. வரவுப் பக்கம்: சிகரெட் வரிகள். இதுவரை சரி. வரவிலேயே இன்னும் சில இனங்கள் இருந்தன. ஆட்கள் சீக்கிரம் போய்ச் சேருவதால் கொடுக்க வேண்டியில்லாத ஓய்வூதியம், மிச்சமான முதியோர் வைத்தியம், மிச்சமான முதியோர் வீட்டுவசதி. கூட்டிக் கழித்ததில் செக் அரசுக்கு நிகர லாபம் 580 கோடி கொருனா. அரசாங்கம் சந்தோஷப்படும் என்று நினைத்துத்தான் போட்டார்கள்.

2001 ஜூலையில் விஷயம் உலகப் பத்திரிகைகளுக்குப் போயிற்று. பொருளாதாரப் பேராசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டது ஒழுக்கத்துக்காக மட்டுமல்ல, கணக்கும் தப்பு. புகைக்காதவன் அந்தக் காசை மெத்தைக்கடியிலா வைப்பான்? சாப்பாடு, செருப்பு, சினிமா என்று எதிலாவது செலவழிப்பான், அதற்கும் வரி வரும். சிகரெட் வரி முழுவதையும் லாபத்தில் காட்டுவது எந்தக் குமாஸ்தாவும் செய்யாத வேலை. இறந்தவன் வாழ்ந்திருந்தால் அவனுக்கு அந்த வருஷங்கள் என்ன மதிப்பு என்பதற்குப் பட்டியலில் இனமே இல்லை. அமெரிக்காவில் புகையிலை எதிர்ப்பு அமைப்பு ஒன்று, சவக்கிடங்கில் கிடக்கும் பிணத்தின் கால் கட்டைவிரலில் 1,227 டாலர் என்று விலைச்சீட்டைக் கட்டி விளம்பரம் போட்டது. சாவுக்குத் தலா இவ்வளவு மிச்சம் என்று அந்த அறிக்கையிலிருந்து பெருக்கி வகுத்து எடுத்த தொகை.

கம்பெனி மன்னிப்புக் கேட்டது. பெரிய தவறு நடந்துவிட்டது என்று தலைமை அதிகாரியே வருந்தினார். போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா ஆகிய நாடுகளுக்கும் இதே மாதிரி அறிக்கைகள் தயாரிக்கும் திட்டம் இருந்தது தெரியவந்தது. எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள். அதனால் ஒரு ஹங்கேரியக் கிழவர் அறுபதிலேயே போய்ச் சேர்ந்தால் அவருடைய அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம் என்பதற்கு இன்றுவரை அந்தக் கம்பெனி முத்திரையோடு ஒரு கணக்கு கிடையாது.